மண் குடிக்க வேண்டிய தண்ணீர்

பாராட்டைக் கேட்டுப் பயந்தது சின்னவளுக்கு அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கழுவிய தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கைபேசியில் அண்ணி கூப்பிட்டார். கணவரின் மூத்த அக்கா அவர். நாலு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. வீட்டுக்குக் கடைசி மருமகள் என்பதால் இவளுக்குச் 'சின்னவ' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். இவள் நகராட்சியில் வடிகால் பிரிவுக்குப் பொறியாளராகி, பெரிய பெரிய ஆட்களெல்லாம் எழுந்து நின்று 'மேடம்' என்று கூப்பிடத் தொடங்கிய பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. போகவேண்டும் என்று அவளும் நினைத்ததில்லை.

"சின்னவளே, நீ வெட்டின பள்ளம் இப்பதான் பாக்க லட்சணமா இருக்கு," என்றார் அண்ணி. "தரையை வந்து பாரு. கண்ணாடி தோத்துச்சு போ. நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்குது, பிள்ளைங்க தடுக்கி விழுந்துடுமோன்னு எனக்கு ஒரே பயம். இப்ப நிம்மதி."

"கண்ணாடி மாதிரின்னா எப்படி அண்ணி?"

"ரோடு போடுற ரோலர்காரர் நேத்து சாயங்காலம் தெரு வேலையை முடிச்சிட்டுப் போயிட்டிருந்தார். நான்தான் கூப்பிட்டு, கொஞ்சம் உருட்டி விடுங்கன்னு கேட்டேன். பாவம், ஒரு டீயைக் குடிச்சிட்டு நாலஞ்சு தடவை போய்ப் போய் வந்தார். தங்கமான மனுஷன்."

சின்னவள் கையில் இருந்த தட்டை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சமையலறை ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். காலையில் சாம்பல் பூசியதுபோல் இருந்த மேகம் இப்போது தார் பூசியதுபோல் ஆகியிருந்தது. பையைத் தோளில் போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். குடை எடுத்துக்கொள்ளவில்லை, கணவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அது சாதாரணப் பள்ளம் இல்லை. மழைத் தண்ணீரை வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, மண்ணுக்குள் இறக்கிவிடும் பள்ளம். தரை பொலபொலவென்று இருந்தால்தான் அது பள்ளம். தரை இறுகிவிட்டால் அது தொட்டி. பள்ளிக்கூடத்தின் மதிலை ஒட்டி, ஒரு தொட்டி நிறையத் தண்ணீர்.

அந்தத் தெருவின் கதை எல்லோருக்கும் தெரியும். நல்ல மழை ஒன்று பெய்தால் போதும், பள்ளிக்கூட வாசலில் தண்ணீர் தேங்கும். பிள்ளைகள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, மதிலைத் தடவித் தடவி நடக்கும். கலங்கல் தண்ணீருக்குள் சாக்கடையின் விளிம்பு எது, தெரு எது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு மழைக்கும் சின்னவள் அலுவலகத்தில் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து நடப்பாள். அப்படி நடந்து நடந்து யோசித்ததுதான் இந்தப் பள்ளம். விளையாட்டு மைதானத்தில் பாதியை எடுத்து, தட்டு மாதிரி ஆழமில்லாமல் வெட்டி, தெருத் தண்ணீரையும் கூரைத் தண்ணீரையும் குழாய் வைத்து அதற்குள் விடுவது. ஓடி வரும் பிள்ளை தெரியாமல் உள்ளே இறங்கினால்கூட உருண்டு விழாதபடி கரையைச் சரிவாக, மெதுவாக இறக்கினாள். தண்ணீர் வரும் குழாயின் வாய்க்குச் சாய்வான கம்பி போட்டாள், சின்னக் கால் சிக்கக் கூடாது என்று. கொள்ளளவுக்கு மேல் வருவது தானாக வழிந்து தெருக்கோடி வாய்க்காலுக்குப் போகவும் வழி வைத்தாள். தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கலாம் என்பதற்கு அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. ஒன்றாம் வகுப்புக்குள் அளவு நாடாவோடு போய் உட்கார்ந்து, பிள்ளைகளின் முழங்காலை அளந்தாள். ஒரு வாண்டு, "தையல் அக்கா, எனக்குப் பாவாடையா பேண்டா?" என்று கேட்டது. எல்லாரிலும் குட்டியான முழங்கால் எதுவோ அதற்குக் கீழேதான் தண்ணீர் நிற்கவேண்டும் என்று முடிவு செய்தாள்.

ஆனால் அண்ணியைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அண்ணிக்குத் தேங்கின தண்ணீர் ஆகாது. முன்பு வேறொரு பள்ளியில் வேலை பார்த்தபோது, தூணுக்கு வெட்டிய குழியில் மழைத் தண்ணீர் நின்று, ஒரு பையன் அதில் விழுந்துவிட்டான். அண்ணி கட்டின புடவையோடு குதித்துத் தூக்கினார். பையன் பிழைத்தான், இப்போது எங்கேயோ பேருந்து ஓட்டுகிறான், பண்டிகைக்குப் பண்டிகை அண்ணிக்குப் போன் செய்கிறான். அண்ணிதான் அந்தக் குழியிலிருந்து இன்னும் முழுசாக வெளியே வரவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் வாளியில் தண்ணீர் நின்றால் கவிழ்த்துவிட்டுத்தான் உட்காருவார். குடும்பத்தில் அதை வைத்துக் கேலி உண்டு. "அக்கா வர்றாங்க, குடிக்கிற தண்ணியை ஒளிச்சு வைங்க," என்பார் சின்னவளின் கணவர்.

அப்படிப்பட்டவரிடம் போய், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் நிற்கப் பள்ளம் வெட்டட்டுமா என்று கேட்டாள் இவள். அண்ணி மூன்று வாரம் பேசவே இல்லை. பிறகு ஒருநாள் கேட்டார்: "கடவுளை மனசுல வச்சுச் சொல்லு. எவ்வளவு நேரம் நிக்கும்?"

"எவ்வளவு பெய்தாலும் மறுநாள் காலைக்குள்ள வத்திடும் அண்ணி. பள்ளிக்கூட மணி அடிக்கும்போது தரை தெரியும்."

"தெரியலைன்னா?"

"மண்ணைப் போட்டு மூடிடலாம். நானே மூடித் தர்றேன்."

அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அண்ணி மைதானத்தில் பாதியைக் கொடுத்தார். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, என் தம்பி பெண்டாட்டி சொன்னால் சொன்னதுதான் என்றும் சொன்னார்.

பள்ளத்தின் கரையில் போய் நின்று பார்த்தாள் சின்னவள். உண்மையிலேயே லட்சணமாகத்தான் இருந்தது. போன வாரம் அவளே முன்னால் நின்று கிளறச் சொல்லி, மணல் கலக்கச் சொல்லி, யாரும் மிதிக்காதபடி விட்டுப்போன தரை. இப்போது திருமண மண்டபத்துத் தரைபோல் சமமாக, பளபளவென்று கிடந்தது. இறங்கினாள். காலடி பதியவில்லை. பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கவிழ்த்தாள். தண்ணீர் உள்ளே போகாமல், பாதரசம் மாதிரி அங்குமிங்கும் ஓடி, ஒரு பக்கமாகக் கூடிச் சும்மா நின்றது. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அது நின்றது நின்றபடியே இருந்தது.

தெருவோரத்தில் ரோலரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார் ரோலர்காரர். ஞாயிற்றுக்கிழமை கூடத் தன் வண்டியை வந்து பார்த்துவிட்டுப் போகிற ஆள். இவளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "பாத்தீங்களா மேடம்? ஒரு மேடு பள்ளம் இருக்கா? பிள்ளைங்க விளையாடுற இடம்னு பெரிய டீச்சர் சொன்னாங்க. அதான் நம்ம வீட்டு முற்றம் மாதிரி பாத்து உருட்டினேன்."

அவள் திட்டுவதற்காகத்தான் வாயைத் திறந்தாள். நல்ல கூர்மையான வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்து நின்றன. அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் இருங்க அண்ணே, வந்துடறேன்," என்று சொல்லி அந்தப் பக்கம் நடந்தாள். நல்லது என்று நினைத்துச் செய்தவரைத் திட்டாமல் இருப்பதற்கும் ஆண்டவன்தான் ஒரு நொடி அவகாசம் கொடுக்கவேண்டியிருக்கிறது.

பள்ளம் வெட்டிய ஒப்பந்தக்காரருக்குப் போன் செய்தாள். பின்னால் சிரிப்பும் பேச்சுமாக ஏதோ விருந்துச் சத்தம் கேட்டது. இந்தத் தரையை உருட்டக் கூடாது என்று சொல்லியிருந்தேனே என்றாள். என் ஆட்களிடம் சொன்னேன் மேடம், ரோலர் வேறு ஒப்பந்தம் அல்லவா என்றார் அவர். தோண்டும் வண்டியை இப்போதே அனுப்ப முடியுமா என்று கேட்டாள். அது ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, புதன்கிழமை வரும் என்றார். ஒரு மழைக்குத் தண்ணீர் நின்றால் என்ன மேடம், பிள்ளைகள் காகிதக் கப்பல் விடட்டுமே என்று ஆறுதலும் சொன்னார். சின்னவள் போனை வைத்துவிட்டாள்.

குழாயின் வாயை மணல் மூட்டை வைத்து அடைத்துவிடலாமா என்று ஒரு யோசனை ஓடியது. அடைத்தால் தண்ணீர் முழுக்கப் பள்ளிக்கூட வாசலுக்கு வரும். பழைய சாக்கடையின் வாயைப் புதுக் குழாய் போட்டபோதே அடைத்தாகிவிட்டது. தண்ணீர் போக வேறு இடமே இல்லை. முன்பு கணுக்கால் அளவு நின்ற இடத்தில் இப்போது இன்னும் அதிகமாக நிற்கும். அந்த யோசனையை விட்டாள். பள்ளத்தைச் சுற்றி நடந்தாள். மறுபடியும் சுற்றினாள். கால் ஓரிடத்தில் நிற்க மறுத்தது.

இன்னொரு யோசனையும் வந்தது. அது ஓடி வரவில்லை, பூனை மாதிரி வந்து காலைச் சுற்றியது. சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன? மழை வராமலே போகலாம். வந்தாலும் லேசாகப் பெய்யலாம். புதன்கிழமை வண்டி வந்து கிளறிவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தண்ணீர் நின்றாலும் பெருமழை என்று சொல்லிக்கொள்ளலாம். அண்ணி நம்புவார். அண்ணி நம்புவார் என்பதை நினைத்தபோதுதான் அவளுக்குத் தன்மேல் வெறுப்பாக இருந்தது.

"குடையை விட்டுட்டு வந்துட்டே," என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எதையும் இரண்டு தடவை துடைத்துவிட்டுத்தான் பார்ப்பார். அவள் முகத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

அவள் சொன்னாள். எல்லாவற்றையும், அந்தப் பூனையையும் சேர்த்து.

"அக்காகிட்ட சொன்னா என்ன ஆகும்?"

"மூடச் சொல்லுவாங்க. அதுக்கப்புறம் இந்தத் தெருவுக்குள்ள ஒரு பள்ளமும் வராது. பிள்ளைங்க பழையபடி சாக்கடை ஓரமா நடக்கும்."

"சொல்லலைன்னா?"

அவள் பள்ளிக்கூட வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அவர் குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு, "நீ உள்ள போ. நான் இங்க நிக்கிறேன்," என்றார்.

அண்ணி அறையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். புதுப் பருவத்தின் முதல் நாள் சில பிள்ளைகள் பென்சில் இல்லாமல் வரும்; கேட்கவும் வெட்கப்படும். அதற்காக ஒரு டப்பா நிறையச் சீவி வைப்பது அவர் வழக்கம். சின்னவள் நின்றுகொண்டே சொன்னாள். தரை இறுகிவிட்டது, இன்றைக்கு மழை பெய்தால் தண்ணீர் நாளைக்கும் நிற்கும், மறுநாளும் நிற்கும், அதற்கடுத்த நாளும் நிற்கலாம்.

சீவும் கை நின்றது. "உருட்டச் சொன்னது நான்," என்றார் அண்ணி.

"உருட்டக் கூடாதுன்னு உங்ககிட்ட நான் சொல்லலை அண்ணி. தண்ணியைப் பத்தி மட்டும்தான் சொன்னேன். மண்ணைப் பத்திச் சொல்லவே இல்லை. டீச்சருக்கு எதுக்கு இதெல்லாம்னு நினைச்சுட்டேன்."

"ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. மிதிக்காதீங்கன்னு சொன்னா எனக்குப் புரியாதா? தினமும் நானூறு பிள்ளைங்ககிட்ட அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்." குரலில் கோபம் இருந்தது, கோபத்துக்கு அடியில் கூச்சம் இருந்தது. எழுந்து ஜன்னல் வரை போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "நாளைக்கு மணி அடிக்கும்போது தண்ணி நின்னா மூடத்தான் சொல்லுவேன். என் வாயிலேர்ந்து வேற வார்த்தை வராது. இப்பவே சொல்லிட்டேன்."

"சரி அண்ணி."

அண்ணி மேசை இழுப்பறையைத் திறந்து, தோட்டச் சாமான் அறையின் சாவியை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "கடப்பாரை உள்ள இருக்கு," என்றார். அதற்குமேல் முகம் கொடுக்கவில்லை. மறுபடியும் பென்சில் சீவ உட்கார்ந்தார். சீவுகிற சத்தம் மட்டும் முன்னைவிட வேகமாகக் கேட்டது.

ரோலர்காரரிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. விளக்கை ஊதினாற்போல் அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. தோளிலிருந்த துணியை எடுத்து, துடைக்க எதுவும் இல்லாமல் கையையே துடைத்தார். "இருபது வருஷமா உருட்டுறேன் மேடம். உருட்டினதால கெட்டுப்போச்சுன்னு யாரும் சொன்னதில்லை," என்றார்.

"நீங்க செஞ்சது நல்ல காரியம்தான் அண்ணே. அது நடந்த இடம்தான் தப்பு. அந்த இடத்தைப் பத்தி உங்ககிட்ட சொல்லாதது நான்."

அவர் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி ரோலரின் கைப்பிடியில் மாட்டிவிட்டு, "கடப்பாரையைக் குடுங்க," என்றார்.

நாலாவது ஆளாக விளையாட்டு வாத்தியார் வந்தார். பக்கத்துச் சந்தில் குடியிருப்பவர். மைதானத்தில் பாதி போனதிலிருந்து சின்னவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆள். கடப்பாரைச் சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தவர், மீதிப் பாதியையும் வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடிவந்தாராம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "என் கிரவுண்டைப் பறிச்சதும் இல்லாம அதைக் கொத்தறதுக்கும் நானே வரணுமா?" என்று புலம்பினார். புலம்பிக்கொண்டே லுங்கியை மடித்துக் கட்டினார்.

எப்படிக் குத்தவேண்டும் என்று சின்னவள் காட்டிக்கொடுத்தாள். ஒரு கை அகலம் விட்டு ஒரு குத்து. ஆழமாகக் குத்தி, பின்பக்கம் நெம்பி, மண் வாய் பிளந்ததும் விட்டுவிட வேண்டும். புரட்டிப் போடக் கூடாது. முக்கியமாக, பின்னால் போய்க்கொண்டே குத்தவேண்டும். இளக்கின மண்ணில் கால் வைத்தால் உருட்டினதும் ஒன்றுதான், மிதித்ததும் ஒன்றுதான். வாத்தியார் இரண்டு தடவை மறந்து முன்னால் நடந்தார். இரண்டாம் தடவை ரோலர்காரர் அவர் இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் பின்னால் வைத்தார். "கண்ணாடி மாதிரி தரைன்னு அக்கா சொன்னாங்கன்னு கேட்டப்பவே நினைச்சேன், இது நம்ம தொழில்ல வந்து முடியும்னு," என்றார் கணவர். அவருடைய உள்ளங்கையில் அதற்குள் கொப்புளம் வந்திருந்தது. கண்ணாடி வில்லையைத் தேய்த்த கைக்குக் கடப்பாரை புதிது.

சின்னவள் குத்துவாள், நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பாள், முடித்த வரிசையைப் பார்ப்பாள், முடிக்காததைப் பார்ப்பாள், மறுபடி குத்துவாள். மூச்சு வாங்கியது. காற்று நின்றுபோய், மதிலோரத்து மரத்தில் ஓர் இலைகூட அசையாமல் இருந்தது. அந்த அசையாமைதான் அவளை இன்னும் துரத்தியது. மூன்று வகுப்பறை அகலமுள்ள தரை அது. பாதியாவது இளகினால், தண்ணீர் அந்தப் பாதி வழியாகவே முழுக்க இறங்கிவிடும், நேரம்தான் கூடும். எவ்வளவு கூடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விடை வந்தது.

பாதியைத் தாண்டி இரண்டு வரிசை போனபோது முதல் துளி விழுந்தது. பிறகு சடசடவென்று வந்தது.

"நிறுத்துங்க," என்றாள்.

ரோலர்காரர் நிறுத்தவில்லை. "இன்னும் நாலு வரிசை போட்டுடறேன் மேடம். மழை என்ன செய்யும் நம்மளை?"

"நம்மளை ஒண்ணும் செய்யாது அண்ணே. ஈர மண்ணைக் குத்தினா பிளக்காது, பூசிக்கும். குத்துற ஒவ்வொரு ஓட்டையும் அடைச்சுக்கும். வாங்க மேல."

கையில் கடப்பாரை இருக்க, கண் முன்னால் இறுகின தரை இருக்க, ஒன்றும் செய்யாமல் கரையேறுவது அன்றைக்கு அவர்கள் செய்த வேலைகளிலேயே கஷ்டமானது. நாலு பேரும் வராந்தாவில் ஒதுங்கி நின்று, குழாய் வாயிலிருந்து தெருவின் தண்ணீர் பழுப்பாகக் கொட்டுவதைப் பார்த்தார்கள். அண்ணி உள்ளிருந்து துண்டுகளும் பன்னும் அனுப்பினார். அவர் வெளியே வரவில்லை.

இரவெல்லாம் மழை பெய்தது. சின்னவள் கண் மூடவில்லை. மழையை நிறுத்து என்று வேண்டிக்கொள்ள அவளுக்கு வாய் வரவில்லை. எத்தனை பேர் கேட்டு வாங்கின மழையோ. மண்ணுக்கு வாயைத் திறந்து விடு என்று மட்டும் கேட்டாள்.

விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பினாள். மழை விட்டிருந்தது. பள்ளிக்கூடத் தெருவுக்குள் திரும்பியபோது ஏதோ சரியில்லை என்று தோன்றியது. வாசல் வரை போன பிறகுதான் என்னவென்று புரிந்தது. தெருவில் தண்ணீர் இல்லை. ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். அந்தச் சந்தோஷம் நாலு எட்டுக்கூட நீடிக்கவில்லை. மதிலைத் தாண்டியதும் பள்ளத்தில் தண்ணீர் நின்றது.

நிறைய இல்லை. சரிவில் தெரிந்த ஈரக் கோட்டை வைத்துப் பார்த்தால் இரவில் தண்ணீர் அவள் திட்டத்தில் வைத்த உயரம் வரை ஏறி, பாதிக்குமேல் இறங்கியிருந்தது. ஆனாலும் கணுக்காலுக்கு மேல் நின்றது. மணி அடிப்பதற்குள் அது முழுக்க இறங்காது.

கரையின் ஓரத்தில் அண்ணி குந்தி உட்கார்ந்திருந்தார். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார். பக்கத்தில் கரும்பலகையில் கோடு போடும் நீளமான மரச் சட்டம் தண்ணீருக்குள் ஊன்றியிருந்தது. அதில் சாக்பீசால் கோடு கோடாக இருந்தது. இருட்டோடு வந்தவர் என்று கோடுகளின் எண்ணிக்கையே சொன்னது.

சின்னவள் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணி, மணி அடிக்கும்போது தரை தெரியும்னு சொன்னேன். தெரியாது. மூடச் சொன்னா இன்னிக்கே ஏற்பாடு செய்யறேன்."

"சும்மா இரு," என்றார் அண்ணி திரும்பாமலே. "இங்க வந்து பாரு."

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தண்ணீரின் மேல் சின்னச் சின்னக் குமிழிகள் வந்து உடைந்துகொண்டிருந்தன. ஓரிடத்தில் வந்து நின்று, ஒரு கை அகலம் தள்ளி இன்னொன்று, அதற்கப்பால் இன்னொன்று. நேற்றுக் கடப்பாரை போன இடமெல்லாம் வரிசை வரிசையாக வந்தன. உருட்டினபடியே கிடந்த பக்கத்தில் ஒன்றுகூட இல்லை.

"தண்ணி உள்ள போறப்ப மண்ணுக்குள்ள இருக்கிற காத்து வெளிய வருது," என்றாள் சின்னவள்.

"எனக்கு யாரும் சொல்லவேண்டாம். பாத்தாலே தெரியுது, மூச்சு விடுது." அண்ணி கைவிரலால் தண்ணீரைத் தொட்டார். அவர் தேங்கின தண்ணீரைத் தொட்டு இவள் பார்த்ததில்லை. "நான் வந்தப்போ அந்த மேல் கோட்டுல இருந்துச்சு. ஒவ்வொரு கோடா இறங்கி வருது. இது நிக்கிற தண்ணி இல்லை சின்னவளே. போயிட்டிருக்கிற தண்ணி. மெதுவா போகுது, அவ்வளவுதான்."

"சொன்ன நேரத்துக்குப் போகலையே அண்ணி."

"நீ சொன்ன மண்ணை நான் உன்கிட்ட குடுக்கலையே."

பிறகு அண்ணி எழுந்தார். முழங்கால் மரத்துப்போய், சின்னவளின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர முடிந்தது. "மூட வேண்டாம்," என்றார். "ஆனா தண்ணி போற வரைக்கும் இங்க ஒரு பெரிய ஆள் நிக்கணும். அடியில சேறா இருக்கும், ஒரு பிள்ளை காலை வச்சா மாட்டிக்கும். முதல் ஆள் நான்."

"ரெண்டாவது ஆள் நான். ஆபீசுக்கு லீவு சொல்லிடறேன்."

பெற்றோர்கள் வரத் தொடங்கினார்கள். பிள்ளைகள் ஷூ போட்ட காலோடு தெருவில் நடந்து வந்தன. சில பிள்ளைகளுக்கு அதுவே ஏமாற்றமாக இருந்தது. வந்ததும் எல்லாம் பள்ளத்துப் பக்கம் ஓடின. ஒரு பக்கம் அண்ணி, எதிர்ப்பக்கம் விளையாட்டு வாத்தியார் விசிலோடு. பிடித்துப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். ரோலர்காரரும் வந்திருந்தார். உள்ளே வராமல் வாசல் கதவுக்கு வெளியே, எப்போது வேண்டுமானாலும் போய்விடத் தயாராக நின்றார்.

பெற்றோர்களில் ஒருவர், வெள்ளைச் சட்டையும் அவசரமுமாக இருந்தவர், மதில்மேல் கை வைத்து எட்டிப் பார்த்தார். காலைக்குள் வற்றிவிடும் என்று கூட்டத்தில் சொன்னீர்களே டீச்சர் என்றார். பக்கத்தில் நின்றவர்களும் திரும்பினார்கள். யாரோ பின்னாலிருந்து, ரோலர் போட்டு இறுக்கிவிட்டார்களாம், அதனால்தான் இறங்கவில்லையாம் என்றார். அப்படியா, எந்த மடையன் இதைச் செய்தான் என்று வெள்ளைச் சட்டைக்காரர் கேட்டார்.

வாசலில் நின்ற ரோலர்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சின்னவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணியின் குரல் வந்தது. பிரார்த்தனைக் கூட்டத்தில் கடைசி வரிசை வரை கேட்கிற குரல்.

"நான்தான் செஞ்சேன். உருட்டச் சொன்னது நான். இறுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியலை." பிறகு கையை நீட்டி வாசலைக் காட்டினார். "அதோ நிக்கிறாரே, அவர் நேத்து லீவு நாள்ல மழை வர்ற வரைக்கும் அதைக் குத்தி இளக்கினார். அவர் இல்லைன்னா இப்ப உங்க பிள்ளை முழங்கால் தண்ணியைப் பாத்துட்டு நிக்கும்."

எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. ரோலர்காரருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் தன் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே அவரைத் தாண்டிப் போகும்போது ஒரு கணம் நின்று தலையசைத்துவிட்டுப் போனார்.

மணி அடித்தது. பிள்ளைகள் வகுப்புக்குள் போனார்கள். அண்ணி ரோலர்காரரைக் கையசைத்து உள்ளே கூப்பிட்டார். அவர் தயங்கித் தயங்கி வந்து, சரிவின் விளிம்பில் நின்று குமிழிகளைப் பார்த்தார்.

"இறங்குதா டீச்சர்?"

"இறங்குது. மத்தியானச் சாப்பாட்டு மணிக்குள்ள போயிடும்னு இவ சொல்றா." அண்ணி சின்னவளைப் பார்த்தார். "சரியா?"

சின்னவள் சட்டத்தின் கோடுகளைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். முந்தின நாள் மதியத்திலிருந்து முதல் தடவையாக அவளுடைய கால்கள் ஓரிடத்தில் நின்றிருந்தன.

"சாப்பாட்டு மணின்னு நான் சொல்லலை அண்ணி," என்றாள். "இனிமே மண்ணைக் கேக்காம நேரம் சொல்றதா இல்லை."

அண்ணி சிரித்துவிட்டார். ரோலர்காரர் குனிந்து, சட்டத்தில் தண்ணீர் நிற்கிற இடத்தில் சாக்பீசால் புதிதாக ஒரு கோடு போட்டார்.